ஓய்வுநிலை நீரின் அழுத்தம்: குமிழிக் குழாயும் அடியில்லாச் சாடியும்

அசையாமல் நிற்கும் நீருக்குள் ஓரிடத்தில் நிலவும் அழுத்தம், அந்த இடம் நீர்ப்பரப்புக்குச் செங்குத்தாக எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை மட்டுமே பொறுத்தது. பாத்திரத்தின் வடிவமும், அதில் நிற்கும் நீரின் மொத்த எடையும், நாம் அளக்கும் திசையும் அதை மாற்றுவதில்லை. பாடநூலில் ஒரே வரியில் கடந்துவிடும் இந்த உண்மையைச் சில மில்லிமீட்டர் துல்லியத்துக்குக் கையால் அளந்து பார்ப்பதே இந்த வேலையின் நோக்கம். இதற்காக இரண்டு கருவிகளைச் செய்தேன். ஒன்று, அழுத்தத்தை அளக்கும் குமிழிக் குழாய். மற்றொன்று, அந்த அழுத்தம் எவ்வளவு பெரிய விசையாக மாறும் என்பதைக் காட்டும் அடியில்லாச் சாடி. முதல் கருவி எளியதாகத் தோன்றினாலும், அதிலிருந்து நம்பத்தக்க அளவீடு கிடைக்கப் பல நுணுக்கங்களைக் கவனிக்க வேண்டியிருந்தது. எனவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

அளவீட்டுக்கு அடிப்படை, யு வடிவில் வளைத்த ஓர் அழுத்தமானி. 6 மி.மீ. உள்விட்டமுள்ள ஒளிபுகும் குழாயை ஒரு பலகையின் மேல், இரண்டு கால்களும் 60 செ.மீ. உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி பொருத்தி, நடுவில் மில்லிமீட்டர் அளவுகோலை ஒட்டினேன். குழாயின் பாதி உயரம் வரை நிறமேற்றிய நீரை ஊற்றினால் போதும். ஒரு பக்கத்தில் அழுத்தம் கூடும்போது அந்தப் பக்க நீர் இறங்கும் அளவுக்கு மறுபக்க நீர் ஏறுகிறது. ஆகவே 40 செ.மீ. வேறுபாட்டைக் காட்ட ஒவ்வொரு காலிலும் 20 செ.மீ. நகர்ச்சிக்கு மட்டுமே இடம் வேண்டும். ஒரு காலை மட்டும் படித்து அதை இரண்டால் பெருக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. மலிவான குழாய்களில் உள்விட்டம் நீளம் முழுதும் ஒரே சீராக இருப்பதில்லை என்பதால், இரண்டு கால்களையும் தனித்தனியே படித்து வேறுபாட்டைக் கணக்கிடுவதே சரியானது. பலகை சாய்ந்திருந்தால் அளவுகோல் காட்டும் நீளம் செங்குத்து உயரத்தைவிட அதிகமாகிவிடும். அதைத் தவிர்க்கப் பலகையின் ஓரத்தில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

குழாயில் ஊற்றும் நீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துப் பயன்படுத்துவது நல்லது. குழாய்நீரில் கரைந்திருக்கும் காற்று சிறிது நேரத்தில் சிறு குமிழிகளாகச் சுவரில் ஒட்டுகிறது. சுவரில் ஒட்டிய சிறு குமிழிகளால் தீங்கில்லை. ஆனால் அவை ஒன்றுசேர்ந்து குழாயின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டால், செங்குத்துக் காலில் அந்தக் குமிழி எவ்வளவு உயரம் நீண்டிருக்கிறதோ அவ்வளவு உயரத்துக்கு அந்தக் காலின் மட்டம் பொய்யாக மேலே தெரியும். காற்றுக்குக் கிட்டத்தட்ட எடையில்லை என்பதால், அந்த இடத்தில் நீர்த்தம்பத்தின் ஒரு துண்டு காணாமல் போனதற்குச் சமம் அது. அதே குமிழி அடிவளைவின் கிடைமட்டப் பகுதியில் இருந்தால் எந்தப் பிழையும் ஏற்படாது. கட்டடம் கட்டுவோர் இரண்டு மூலைகளின் மட்டத்தை ஒப்பிடப் பயன்படுத்தும் நீர்க்குழாய்க்கும் இது முழுமையாகப் பொருந்தும்: அங்கே குழாயைத் தட்டிக் குமிழிகளை வெளியேற்றுவது செங்குத்து உயரத்தைக் காப்பதற்காகவே.

நிறநீரில் ஓரிரு துளி பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்தேன். பிளாஸ்டிக் சுவரில் நீர் சில இடங்களில் ஒட்டியும் சில இடங்களில் வழுக்கியும் நகர்வதால், குழாய்க்குள் வளைந்து நிற்கும் நீர்ப்பரப்பான பிறைத்தளத்தின் வடிவம் இரண்டு கால்களிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இரண்டு கால்களின் உள்விட்டமும் தூய்மையும் ஒன்றாக இருக்கும்வரை குறுகிய குழாயில் நீர் சுவரோடு ஒட்டி மேலேறும் நுண்புழை ஏற்றம் இருபுறமும் சமமாகி ஒன்றையொன்று நீக்கிவிடும். ஒரு பக்கத்தில் சிறிது எண்ணெய்ப் பசை இருந்தால் அந்தச் சமம் குலைகிறது. சோப்பு, நீர்ப்பரப்பைச் சுருங்க இழுக்கும் பரப்பு இழுவிசையைக் குறைத்து இரண்டு சுவர்களையும் ஒரே மாதிரி நனைக்கிறது. இதைச் செய்தபின், கருவியைத் தொட்டுவிட்டு விடும்போது மட்டங்கள் பழைய இடத்துக்கே 1 மி.மீ.க்குள் திரும்பின.

நீரை அளக்க நீரையே அளவுத் திரவமாகக் கொண்டதில் ஒரு தனி வசதி உண்டு. தொட்டியில் 30 செ.மீ. ஆழத்தில் நிலவும் அழுத்தத்தை அழுத்தமானியில் 30 செ.மீ. நீர்த்தம்பம் ஈடுசெய்கிறது, அடர்த்தியும் புவியீர்ப்பு முடுக்கமும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதால் கணக்கிலிருந்தே நீங்கிவிடுகின்றன. ஒரு சென்டிமீட்டர் நீர் ஏறத்தாழ 98 பாஸ்கல் என்ற மாற்றெண்கூடத் தேவைப்படுவதில்லை. இரண்டு நீரும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீர் 998.2 கிராம், 30 பாகையில் 995.7 கிராம் என்பதால், பத்துப் பாகை வேறுபாட்டிலும் 40 செ.மீ.க்கு ஒரு மில்லிமீட்டர் அளவே பிழை வரும். வளிமண்டலத்தின் அழுத்தம், 10.33 மீட்டர் நீர்த்தம்பத்துக்குச் சமமான அந்தப் பெரிய அளவு, தொட்டியின் மேற்பரப்பிலும் அழுத்தமானியின் திறந்த காலிலும் ஒருசேர அழுத்துவதால் கருவியின் அளவீட்டில் தலையிடுவதில்லை.

நீருக்குள் அமிழ்த்தும் முனையாகப் புனலின் வாயில் ரப்பர் சவ்வைக் கட்டிப் பயன்படுத்துவது பள்ளிகளில் வழக்கமான முறை. அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை. சவ்வு உள்ளே குழியும்போது அதன் இழுவிசையே அழுத்தத்தின் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. எவ்வளவு தாங்குகிறது என்பது சவ்வை எவ்வளவு இறுக்கிக் கட்டினோம் என்பதைப் பொறுத்தது. அதற்குப் பதிலாக, இரு முனையும் திறந்த குழாயை நீரில் இறக்கி, அதன் வழியே காற்றை மிக மெதுவாகச் செலுத்தும் முறையை மேற்கொண்டேன். குழாயின் அடிமுனையில் குமிழி வெளியேறும் தருணத்தில், குழாய்க்குள் இருக்கும் காற்றின் அழுத்தமும் அந்த ஆழத்து நீரின் அழுத்தமும் சமமாகின்றன. கசடும் அரிக்கும் தன்மையும் கொண்ட திரவங்களின் மட்டத்தைத் தொழிற்சாலைத் தொட்டிகளில் அளக்கவும் இதே முறை பயன்படுகிறது. திரவத்தைத் தொடுவது காற்று மட்டுமே என்பது அங்கே பெரும் வசதி. என் கருவியில் ஒரு பெரிய சிரிஞ்சு, ஒரு மூவழி இணைப்பு, அழுத்தமானியின் ஒரு கால், அமிழ்த்தும் குழாய் ஆகியவை மட்டுமே உள்ளன.

முதலில் 3 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயை முனையாக வைத்தேன். சிரிஞ்சை மெதுவாகத் தள்ளும்போது அழுத்தமானியின் மட்டம் ஏறுகிறது, குமிழி பிரியும்போது சட்டென்று இறங்குகிறது, மீண்டும் ஏறுகிறது. ஏற்றத்தின் உச்சம் உண்மையான ஆழத்தைவிட ஏறத்தாழ 1 செ.மீ. அதிகமாக இருந்தது, 10 செ.மீ. ஆழத்திலும் 30 செ.மீ. ஆழத்திலும் அந்த அதிகம் மாறவில்லை. ஆழத்தோடு வளராத பிழை என்றால் அதற்குக் காரணம் ஆழத்தில் இல்லை, முனையில்தான் இருக்கிறது. வளைந்த நீர்ப்பரப்பு தன்னுள் இருக்கும் காற்றை அழுத்துகிறது: குமிழி குழாய்வாயில் அரைக்கோளமாக நிற்கும் நொடியில் அதன் ஆரம் மிகச் சிறியதாகவும், கூடுதல் அழுத்தம் மிகப் பெரியதாகவும் இருக்கும். அந்தக் கூடுதல், பரப்பு இழுவிசையின் இரண்டு மடங்கை ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது. தூய நீருக்குப் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.073 நியூட்டன், ஆரம் 1.5 மி.மீ. எனக் கொண்டால் 97 பாஸ்கல் வருகிறது. அதாவது 1 செ.மீ. நீர்த்தம்பம். அளவுகோலில் கண்டதும் அதுவே. நீரின் பரப்பு இழுவிசையை அளக்க இந்த வேறுபாட்டையே ஒரு முறையாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது இந்த இடத்தில் நன்றாகவே புரிந்தது.

ஆழத்தை அளக்கும் எனக்கு அது வேண்டாத விருந்தாளி என்பதால், முனையில் 3 செ.மீ. அகலமுள்ள சிறு மணிவடிவ மூடியைக் கவிழ்த்துப் பொருத்தினேன். அகன்ற வாயில் நீர்ப்பரப்பு கிட்டத்தட்டத் தட்டையாக நிற்பதால் வளைவின் பங்கு மறைந்துவிடுகிறது. மூடியின் விளிம்பில் ஓரிடத்தில் சிறு வெட்டு ஒன்றைப் போட்டால், மிகுந்த காற்று எப்போதும் அந்த வெட்டின் வழியாகவே ஒழுங்காக வெளியேறும். உள்ளே நீரின் மட்டமும் அந்த வெட்டின் உயரத்திலேயே நிற்கும். ஆழத்தை அந்த மட்டத்திலிருந்துதான் அளக்க வேண்டும், மூடியின் மேற்பகுதியிலிருந்து அல்ல. இதற்குப் பின் 10 செ.மீ. ஆழத்தில் 10.1, 20 செ.மீ. ஆழத்தில் 20.0, 30 செ.மீ. ஆழத்தில் 30.1 என அளவீடுகள் கிடைத்தன.

ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காற்றைச் செலுத்துவதை நிறுத்திவிட்டால் அளவீடு மெல்ல இறங்கத் தொடங்கும். குழாய்க்குள் அடைபட்ட காற்று சற்றுக் குளிர்ந்தாலும் சுருங்குகிறது. நீர் மூடிக்குள் ஏறுகிறது. அளக்கப்படும் ஆழமே குறைகிறது. ஆகவே குமிழி ஒன்று வெளியேறிய அடுத்த சில நொடிகளுக்குள் இரு கால்களையும் படித்துவிட வேண்டும். குழாயைக் கையால் பிடித்துக்கொண்டிருப்பதும் கூடாது.

திசையைச் சோதிக்க மணிமூடி உதவாது. வாயை மேல்நோக்கித் திருப்பினால் அகன்ற மூடிக்குள் இருக்கும் காற்று உடனே வெளியேறி, நீர் உள்ளே விழுந்துவிடும். குறுகிய குழாயில் பரப்பு இழுவிசை அந்தப் பரப்பைத் தாங்கி நிறுத்துகிறது. எனவே 3 மி.மீ. குழாய்க்கே திரும்பி, முனையைக் கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் வளைத்து, மூன்றிலும் வாயின் மையம் 25 செ.மீ. ஆழத்தில் நிற்கும்படி வைத்து, குமிழி பிரியும் உச்ச அளவை மட்டும் குறித்தேன். அதே 1 செ.மீ. கூடுதல் மூன்று திசைகளிலும் இருந்தது. மூன்று உச்சங்களும் 2 மி.மீ.க்குள் ஒத்துப்போயின. நீருக்குள் ஒரு புள்ளியில் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமம் என்பதற்கு இதைவிட நேரான சான்று வீட்டுக் கருவியில் கிடைக்குமா என்று தெரியவில்லை. எனக்கு இந்த வேலையில் மிகுந்த நிறைவைத் தந்த அளவீடு இதுவே.

அடுத்து, 900 கிராம் நீருக்கு 100 கிராம் உப்பு என்ற விகிதத்தில் கரைத்த உப்புநீரைத் தொட்டியில் நிரப்பினேன். அழுத்தமானியில் சாதாரண நீரே இருப்பதால் இப்போது அடர்த்தி இரு பக்கமும் நீங்குவதில்லை, 30 செ.மீ. ஆழத்துக்கு 32.1 செ.மீ. காட்டியது. விகிதம் 1.07, அந்தச் செறிவுள்ள உப்புநீரின் ஒப்படர்த்தியும், அதாவது நீரோடு ஒப்பிட்ட அடர்த்தியும், அதுவே. பின்னர் பாதித் தொட்டி உப்புநீரின் மேல், மிதக்கும் தக்கை ஒன்றின் மீது மெல்லிய தாரையாகச் சாதாரண நீரை ஊற்றி, இரண்டு அடுக்குகளாக நிறுத்தினேன். மூடியை மேலிருந்து கீழே இறக்கும்போது முதல் 15 செ.மீ. வரை ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு சென்டிமீட்டர் வீதம் ஏறிய அளவீடு, எல்லையைக் கடந்தபின் 1.07 செ.மீ. வீதம் ஏறியது. கண்ணுக்குப் புலப்படாத அந்த எல்லையை வரைபடத்தில் கோட்டின் சாய்வு மாறும் இடம் காட்டிக்கொடுத்தது. கனமான திரவம் கீழே, இலேசானது மேலே, எல்லை கிடைமட்டமாக: ஓய்வில் இருக்கும் திரவங்களுக்கு இது ஒன்றே நிலையான அமைப்பு.

பாத்திரத்தின் வடிவத்தைப் பொறுத்தவரை, உருளை வடிவக் குவளை, மேலே விரிந்த புனல், மேலே குறுகிய சீசா மூன்றிலும் 12 செ.மீ. ஆழத்தில் அளந்தபோது எந்த வேறுபாடும் தெரியவில்லை. நெதர்லாந்தின் கணித அறிஞர் சைமன் ஸ்டெவின் 1586இல் வெளியிட்டதும், பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் மறைந்த மறு ஆண்டில், 1663இல், வெளிவந்த அவருடைய ஆய்வுரையில் பல வடிவப் பாத்திரங்களைக் கொண்டு விளக்கப்பட்டதும் இதுவே. ஆனால் அழுத்தம் சமம் என்று அளவுகோலில் படிப்பதும், அதன் விளைவை விசையாகக் காண்பதும் ஒன்றல்ல. குறுகிய கழுத்துள்ள பாத்திரத்தின் அடித்தளத்தை நீர் தன் எடையைவிட அதிகமாக அழுத்துகிறது என்றால், அந்தக் கூடுதல் எங்கிருந்து வருகிறது, தராசு ஏன் அதைக் காட்டுவதில்லை என்ற கேள்விகளுக்கு விடைகாணவே இரண்டாவது கருவியைச் செய்தேன்.

உள்விட்டம் 10 செ.மீ., சுவர்த் தடிமன் 2 மி.மீ., உயரம் 15 செ.மீ. கொண்ட அக்ரிலிக் உருளைக்கு அடித்தளம் வைக்காமல், மேலே மட்டும் தட்டையான மூடியை ஒட்டினேன். மூடியின் நடுவில் 1 செ.மீ. உள்விட்டமுள்ள நிமிர்ந்த குழாய். அதன் அடிமுனை மூடியின் உட்பரப்போடு சமமாக நிற்கிறது. ஓரத்தில் காற்று வெளியேற ஒரு சிறு துளை, அதை அடைக்க ஒரு திருகு. உருளையின் கீழ் விளிம்பை, கண்ணாடித் தகட்டின் மேல் விரித்த உப்புத்தாளில் வட்டமாகத் தேய்த்துச் சமதளமாக்கினேன். இந்தச் சாடி நிற்பது 3 மி.மீ. தடிமனுள்ள மென்மையான ரப்பர் தகட்டின் மேல். ரப்பர் தகடு கண்ணாடியின் மேல். எல்லாம் சேர்ந்து ஒரு தட்டில், தட்டு ஒரு மின்னணுத் தராசின் மேல். சாடி, மூடி, குழாய் ஆகியவற்றோடு மூடியின் மேல் சுற்றிலும் சமமாக அடுக்கிய எடைக்கற்களையும் சேர்த்து 1500 கிராம் ஆக்கினேன். எடைக்கற்கள் ஒரு பக்கம் மிகுந்தாலோ, தட்டு ரசமட்டத்தில் சரியாக நில்லாவிட்டாலோ, எடை குறைந்த பக்கத்தில் விளிம்பு முன்னதாகவே திறந்துகொள்ளும்.

நீர் மூடியின் உட்பரப்பைத் தொடும்வரை எந்தக் கசிவும் இல்லை. திருகை அடைத்தபின் குழாயில் சிரிஞ்சால் சிறிது சிறிதாக நீரைச் சேர்த்தேன். அதுவரை சாடியின் செங்குத்துச் சுவர்களை நீர் பக்கவாட்டில் மட்டுமே தள்ளியது. இப்போது மூடியின் உட்பரப்பை மேல்நோக்கித் தள்ளத் தொடங்குகிறது. குழாயின் துளை நீங்கலாக மூடியின் பரப்பு 77.7 சதுர செ.மீ.; குழாயில் ஒவ்வொரு சென்டிமீட்டர் நீர் ஏறும்போதும் மேல்நோக்கிய விசை 77.7 கிராம் எடை கூடுகிறது, குழாயில் சேர்வதோ 0.8 கிராம் நீர்தான். கணக்குப்படி 19.3 செ.மீ. உயரத்தில் விசை 1500 கிராமை எட்ட வேண்டும். உண்மையில் 18 செ.மீ. உயரத்திலேயே விளிம்பு முழுவதும் மெல்லிய நீர்த்திரை கசிந்து, சாடி ரப்பரை விட்டு எழுந்தது. அப்போது குழாயில் இருந்த நீர் 14 கிராம்.

அந்த 1.3 செ.மீ. வேறுபாட்டை ஆராயாமல் விட மனம் வரவில்லை. சாடி எழுவதற்குச் சற்று முன்பே நீர் விளிம்பின் அடியில் ஊடுருவத் தொடங்குகிறது. விளிம்பின் உட்புறத்தில் அழுத்தம் 15 செ.மீ. சாடியும் 18 செ.மீ. குழாயும் சேர்ந்த 33 செ.மீ. நீருக்குரியது, வெளிப்புறத்தில் சுழியம். சராசரியாகப் பாதி எனக் கொண்டால், 6.4 சதுர செ.மீ. பரப்புள்ள விளிம்பின் மேல் 106 கிராம் எடை அளவுக்கு மேல்நோக்கிய விசை கிடைக்கிறது. 1500இலிருந்து அதைக் கழித்து 77.7ஆல் வகுத்தால் 17.9 செ.மீ. மூடியின் அடியில் காற்றுப்படலம் சிக்கினாலும் சாடி சற்று முன்னதாக எழும், 2 மி.மீ. படலத்துக்கு ஏறத்தாழ 15 கிராம் விசை கூடும் என்பதால், திருகைத் திறந்து சாடியைச் சற்றுச் சாய்த்துக் காற்று முழுவதையும் வெளியேற்றிய பின்பே அளவைக் குறித்தேன்.

தராசின் கணக்கு இதைவிடச் சுவையானது. சாடி எழும் தருணத்தில் உள்ளிருந்த நீர் 1192 கிராம். சாடியும் கற்களும் 1500 கிராம். தட்டு, கண்ணாடி, ரப்பர் ஆகியவற்றின் எடையைக் கழித்தபின் தராசு காட்டியதும் இவற்றின் கூட்டுத்தொகையான 2692 கிராம் அளவே. ஆனால் ரப்பரின் மேல் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 33 செ.மீ. ஆழத்தில் 78.5 சதுர செ.மீ. பரப்பை நீர் 2590 கிராம் எடை விசையோடு அழுத்துகிறது. இது அந்த நீரின் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். நீரின் எடைக்கு மேற்பட்ட அந்த 1398 கிராம், மூடி நீரைக் கீழ்நோக்கி அழுத்துவதால் வருகிறது; அதே அளவு விசையோடு நீர் மூடியை மேல்நோக்கித் தள்ளுகிறது. தொடக்கத்தில் 1500 கிராமும் சாடியின் விளிம்பு வழியாக ரப்பருக்குச் சென்றது. நீர் ஏற ஏற, விளிம்பின் பாரம் குறைந்து நீரின் பாரம் கூடியது. இறுதியில் நீர் தரும் 2590 கிராமும், விளிம்படியில் கசிந்த நீர் தரும் 106 கிராமும் சேர்ந்து, கருவியின் துல்லியத்துக்குள், தராசின் 2692 ஆகிவிடுகின்றன. பாரம் கைமாறியதே தவிர, மொத்தம் மாறவில்லை. தராசுக்கு மொத்தம் மட்டுமே தெரியும். சாடிக்கு நிரந்தரமான அடித்தளம் ஒட்டப்பட்டிருந்தால், இந்த 1398 கிராமும் சுவரின் இழுவிசையாகப் பாத்திரத்துக்குள்ளேயே அடங்கிவிடும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது.

குழாயை மாற்றியும் பார்த்தேன். 2 செ.மீ. உள்விட்டமுள்ள குழாயைப் பொருத்தி, மொத்த எடையை மீண்டும் 1500 கிராமாகச் சரிசெய்தபோது, சாடி 18.5 செ.மீ. உயரத்தில் எழுந்தது, குழாயில் இருந்த நீர் 58 கிராம். துளை பெரிதானதால் மூடியின் பரப்பு 75.4 சதுர செ.மீ.ஆகக் குறைந்தது, உயரத்தில் கூடிய அரைச் சென்டிமீட்டருக்குக் காரணம் அதுவே. பிறகு 1 செ.மீ. குழாயின் மேல்பகுதியை நெகிழும் குழாயாக மாற்றி, அதன் எடை மூடியின் மேல் விழாதபடி தனித் தாங்கியில் 45 பாகை சாய்வாகப் பிடித்து நிரப்பினேன். சாய்வான பகுதியில் நீர் நீண்ட தூரம் பரவிச் சென்றது, அதன் அளவும் கூடியது. சாடி எழுந்தபோது நீர்ப்பரப்பு மூடியின் உட்பரப்பிலிருந்து செங்குத்தாக அதே 18 செ.மீ. உயரத்தில் நின்றது.